கால் உடைந்த ஏழு

அக்டோபர் 3, புதன்

இயற்பியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் கேப்டன் பரந்தாமன் சார் வாசலில் வந்து நின்றார். "நாயக் முனிரத்தினத்தோட கொள்ளுப்பேத்தி இந்த கிளாஸ்தானே?" என்றார். நான் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். முதல் உலகப் போர் முடிந்து நூறு வருடம் ஆகிறது என்று நவம்பர் 11 முதல் சென்னையில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். எங்கள் மேலாண்டூர் சங்க மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியை அதற்குக் கேட்டிருக்கிறார்கள். அது அப்பாவின் தாத்தா முனிரத்தினம் நாயக் பதவியில் மெசபடோமியாவில் ஏந்திய துப்பாக்கி. போருக்குப் பிறகு குழலில் ஈயம் ஊற்றி அடைத்து, ஒரு கடிதத்தோடு ஊருக்குக் கொடுத்தார்களாம். கண்காட்சிக்காரர்கள் நான்கு பக்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரிசை: எண் என்ன, முத்திரை என்ன, அசலா, பின்னால் மாற்றியதா. எல்லாம் அசல் என்றால் முனிரத்தினம் பெயர் போட்டுத் தனிப் பெட்டி. இல்லாவிட்டால் பத்தோடு பதினொன்றாகச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

"உன் இங்கிலீஷும் கையெழுத்தும் நல்லா இருக்குதுன்னு ஹெச்.எம். சொன்னார். நீயே எழுதிடு" என்றார் கேப்டன் சார்.

பள்ளி விட்டதும் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். பாத்திரக் கடை முன்வாசலில்தான் அப்பாவின் மேசை. யாரோ ஒருவருடைய சீர்வரிசைக் குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். உளி நின்றது.

"நீயா? வேற யாரும் கெடைக்கலியா அவருக்கு?"

"ஏம்பா, நான் எழுதக் கூடாதா?"

"எழுது, எழுது" என்று துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெருமையை வெளியே காட்டிக்கொள்ளாதவர் அப்பா.

படிவத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: எண் வெட்டும் அச்சுக்குத் தனி அடையாளம் உண்டு, அதைக் கவனிக்கவும் என்று. இது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா எழுத்தை உளியால் வெட்டுவார். எண்ணுக்கு மட்டும் எஃகு அச்சை வைத்துச் சுத்தியால் ஒரே அடி. அவருடைய ஏழில் அடிக்காலின் நுனி ஒரு துளி உடைந்திருக்கும். என் டிபன் பாக்ஸில் 'த. பூவிழி 12.6.2017' என்று இருப்பதைப் பார்த்தாலே தெரியும். வேறு அச்சு வாங்கச் சொன்னால், "இது என் ஏழுன்னு ஊருக்கே தெரியும். காணாமப்போன பாத்திரம்லாம் என்னைக் கேட்டுகினு இல்ல வருது?" என்று சிரிப்பார்.

அக்டோபர் 5, வெள்ளி

பள்ளி நூலகத்தில் பழைய என்.சி.சி. அதிகாரி ஒருவர் விட்டுப்போன துப்பாக்கிக் கையேடு கிடைத்தது. படங்கள் மங்கல். ஆனாலும் இரண்டு தடவை படித்துவிட்டேன். ஒரு ராணுவத் துப்பாக்கியில் ஒரே எண்ணைப் பல இடத்தில் அடித்திருப்பார்கள்: உடற்பகுதியில், குழலில், முகப்பு மூடியில், போல்ட்டின் கைப்பிடியில். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளை. அது கழன்று வரும். எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

இரவு சாப்பிட்டபின் புத்தகத்தை என் அலமாரியில் வைத்தேன். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, மே மாதம் அப்பா செய்யக் கொடுத்தது. என் வகுப்பில் யாருக்கும் இப்படி ஒன்று இல்லை.

அக்டோபர் 7, ஞாயிறு

மண்டபத்துக்குப் போனேன். சாவி கன்னியப்பன் மாமாவிடம்தான். அவரும் சிப்பாயாக இருந்தவர். ஒரு காது கேட்காது. மண்டபத்தின் பின்னறையிலேயே அவரும் அஞ்சலாட்சி அத்தையும் குடியிருக்கிறார்கள்.

"வா பாப்பா. இன்னா, டாக்டர் மாதிரி பஞ்செல்லாம் எடுத்துகினு வந்துகிற?" என்றார்.

பஞ்சு எதற்கென்றால், துப்பாக்கி முழுக்கக் கறுப்பு எனாமல். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டுக் கம்பிக் கேட்டுக்கு அடிப்பது போல அடித்துவிடுகிறார்கள். தின்னரில் பஞ்சை நனைத்து ஒரு விரல்கடை இடத்தைத் துடைக்கவே அரை மணி நேரம் ஆனது. உள்ளே ஒரு கிரீடமும் 1916 என்ற வருடமும் தெரிந்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

அத்தை டீ கொண்டுவந்தார். "உங்கப்பன் இல்லன்னா நான் ஏது பாப்பா. மே மாசம் ஆபரேஷனுக்கு வண்டி புடிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனதே அவருதான். நாலு நாளு இந்த மண்டபத்தையே அவருதான் பாத்துகினார்."

மாமா அவரைக் கையமர்த்தினார். "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப."

சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதியாம். அப்பாவிடம் கொடுத்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

வீட்டில் அப்பா, "போல்ட்ட மட்டும் கழட்டாத பூவு. நூறு வருசத்து இரும்பு, சிக்கிச்சின்னா திரும்பப் போடவே முடியாது. அந்த வரில அசல்னு எழுதிக்க" என்றார்.

அக்டோபர் 10, புதன்

வேதியியல் ரெக்கார்டு. மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

மூன்று இடங்களில் எண் கிடைத்துவிட்டது. உடற்பகுதியில் 4186. குழலில் 4186. முகப்பு மூடியில் 4186.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம். மே மாதம் அப்பா துப்பாக்கியோடு வந்த அந்தப் பழைய கடிதத்தைச் சங்கத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "இந்த நம்பர பெரிசா, தெளிவா ஒரு தாள்ல எழுதிக் குடு பூவு. சங்கத்துல பித்தளை போர்டு ஒண்ணு வெக்கணும்னாங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். என் ரஃப் நோட்டில் அதை முதலில் எழுதிப் பார்த்த பக்கம் இருக்கிறது. அதில் 4786 என்று இருக்கிறது.

மண்டபத்தில் கடிதத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். எழுதியவர் ஒன்றின் தலையில் ஒரு கொடி பறக்கவிட்டிருக்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது ஒன்றுதான். நான்தான் ஏழு என்று படித்துவிட்டேன். எழுத்தைக் கவனித்துப் படிப்பவள் என்று எனக்கு எவ்வளவு கர்வம்!

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "போர்டுல நம்பர் தப்பா இருக்கும்பா. 4786 இல்ல, 4186. நான் ஒண்ண ஏழுன்னு எழுதிட்டேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு ஊற்றவே இல்லை.

"நல்லா பாத்தியா?"

"மூணு எடத்துல பாத்தேன்."

"போர்டு இன்னும் அடிக்கல" என்றார். பிறகு, "அடிக்கல, உடு" என்று இன்னொரு தடவை சொன்னார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

நல்லவேளை, போர்டு அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 18, வியாழன். ஆயுத பூஜை

மண்டபத்தில் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பக்கத்தில் கேப்டன் சாரின் மெடல்கள், கன்னியப்பன் மாமாவின் மண்வெட்டி, அத்தையின் அரிவாள்மணை. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள்.

அப்பா கையில் ஒரு பெயிண்ட் டப்பாவோடு வந்தார். "வழக்கமா அடிக்கிறதுதானே, ஒரு கோட்டு அடிச்சிடறேன்" என்றார். கேப்டன் சார், "யோவ் தயாளன், உன் பொண்ணு ரெண்டு வாரமா உயிரக் குடுத்து சுரண்டிகினு கீது, நீ மேல பூச வந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 20, சனி

கேப்டன் சாரே வந்து போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். சிக்கவில்லை. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் போலச் சுலபமாக வந்தது.

கைப்பிடியில் எனாமல் ஒரே ஒரு பூச்சுதான். மற்ற இடங்களில் குறைந்தது பத்து. துடைத்தேன். கீழே இரும்பை அரம் போட்டுத் தேய்த்த கோடுகள், அதன் மேல் எண். மற்ற எண்களின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. இது கூராக இருந்தது, நகம் மாட்டியது.

தோளில் பதியும் பின்கட்டையும் வேறு மரம். முன்கட்டை வாதுமைக் கொட்டை நிறம், பின்கட்டை சிவப்பு. கட்டையில் படைப்பிரிவின் பெயர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. அந்த இடத்தில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருக்கிறது.

போல்ட்டில் இருந்த எண் 4786.

வீட்டுக்கு வந்து ரஃப் நோட்டைத் திறந்தேன். மூடினேன்.

அக்டோபர் 22, திங்கள்

டிபன் பாக்ஸ் எடுத்துப் போகவில்லை. அம்மாவிடம் கான்டீனில் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

கான்டீனில் தக்காளி சாதம். படிவத்தை முடித்தேன். "போல்ட்: மாற்றப்பட்டது. எண் சமீபத்தில் அடிக்கப்பட்டது. பின்கட்டை: மாற்றப்பட்டது. வில்லை: இல்லை." கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும் என்று படிவமே சொல்கிறது. யார் என்று கேட்கும் வரிசை அதில் கிடையாது. அதனால் அதைப் பற்றி நான் யோசிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

சங்கக் கூட்டம். என்னைப் படிக்கச் சொன்னார்கள். தமிழில் சொன்னேன். முனிரத்தினம் குடும்பம் என்பதால் அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் படித்து முடித்தேன். கேப்டன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியாள் உள்ள வர வழியில்ல. பூட்டு ஒடையல. சாவி யார்கிட்ட இருக்குது?"

கன்னியப்பன் மாமா எழுந்தார். "எங்கிட்டதான் சார்."

"எப்பவும்?"

"எப்பவும் எங்கிட்டதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இப்போது சொல்வார், மே மாதம் நாலு நாள் என்னிடம் இருந்தது என்று இதோ சொல்லிவிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"அவரும் பாவம் சார். வயசான காலத்துல யாரோ வந்து கேட்டு ஏமாத்தி இருப்பான். பெரிசு பண்ண வேணாம்."

பாவம் என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் மாமாவைத் திருடன் என்றே பார்த்தார்கள்.

தீபாவளி முடிந்ததும் பின்னறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மாமா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். சத்தியம் செய்திருந்தேன் இல்லையா, அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுத வந்தேன். அது பொய்.

அக்டோபர் 29, திங்கள்

டிபன் பாக்ஸை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். போல்ட்டின் எண்ணை நான் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்தேன்.

அடிக்காலின் நுனி இல்லை. இரண்டிலும் இல்லை.

எனக்கு இது இருபதாம் தேதியே தெரியும்.

அக்டோபர் 31, புதன்

கடை மூடும் நேரத்துக்குப் போனேன். தீபாவளிக் கூட்டம் அப்போதுதான் குறைந்திருந்தது. அப்பா அச்சுகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பென்சில் பிரதியை மேசைமேல் வைத்தேன்.

அதை வெகுநேரம் பார்த்தார். "ஒக்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை.

"பெங்களூர்லேர்ந்து ஒரு ஆளு வந்தான் பூவு. அவங்கிட்ட இதே வருசத்து துப்பாக்கி ஒண்ணு கீது. போல்ட்டும் கட்டையும் இல்லாம மூளியா நிக்குதாம். காசும் குடுத்தான், பதிலுக்கு அவனே வேற போல்ட்டும் கட்டையும் எடுத்தாந்தான். வெடிக்காத இரும்பு. நூறு வருசமா பெட்டிக்குள்ள கீது. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"கன்னியப்பன் மாமாவுக்கு."

"அவருக்கு வேற ரூம் பாத்துத் தரேன்."

"போர்டுக்குன்னு சொல்லிதானே என்னை எழுதச் சொன்ன?"

அப்பா கடை விளக்கை அணைத்தார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. "அந்தக் காசுல அந்த அலமாரி யாருக்கு செய்யச் சொன்னேன்? எனக்கா? நான் அதுல இன்னாத்த வெச்சிப் படிக்கப்போறேன்?"

அலமாரி வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. அட்டைப்பெட்டியில்தான் வைத்திருந்தேன், எறும்பு வராமல் மஞ்சள்தூள் போட்டு.

"கேப்டன் சார்கிட்ட சொல்லுப்பா."

"சொன்னா முதல்ல இன்னா கேப்பான் தெரியுமா? இந்த நம்பர யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு கேப்பான். நீதானே எழுதிக் குடுத்த?"

சைக்கிளை எடுத்தேன். பின்னாலேயே வந்தார். "சரி, சரி. ஞாயித்துக்கிழம நானே போயி சொல்லிடறேன். போதுமா?"

போதும் என்றேன். அப்பா நல்லவர். பயந்துவிட்டார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்.

நவம்பர் 2, வெள்ளி

முறுக்கு பிழிந்தோம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. "ஏண்டி உம்முனு கீற?" என்றார். மாவு கெட்டியாக இருக்கிறது, கை வலிக்கிறது என்றேன்.

நவம்பர் 4, ஞாயிறு

காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பதினொரு மணிக்குத் திரும்பினார். கையில் ஜவுளிக்கடைப் பை. எனக்கு மயில்கழுத்து நிறத்தில் சுடிதார்.

"சொல்லிட்டியாப்பா?"

"சொல்லிட்டேன் பூவு. அவரு பாத்துக்கறேன்னார். தீபாவளிக்கு அப்புறம் பேசிக்கலாம்னார். நீ இனிமே இதப் பத்தி யார்கிட்டயும் பேசாத."

அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். சுடிதாரை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மாலையில் அத்தைக்கு ஒரு தூக்கு நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

மாமா கட்டிலைப் பிரித்துச் சட்டங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பாத்திரமெல்லாம் சாக்கில்.

"இன்னும் கட்டறீங்களே மாமா. அப்பா காலைல வந்து சொல்லலியா?"

"உங்கப்பனா? காலைல கேப்டன் ஊர்லயே இல்லியே பாப்பா. நேத்தே பேரன் வீட்டுக்கு ஆம்பூர் போயிட்டார். நாளைக்குத்தான் வராரு."

தூக்கைத் திண்டில் வைத்தேன். அத்தை முறுக்கை எடுத்து ஒரு துண்டு கடித்துவிட்டு, நல்லா மொறுமொறுன்னு கீது என்றார்.

"அந்த நாலு நாளு சாவி அப்பாகிட்ட இருந்துச்சே, ஏன் மாமா சொல்லல?" கேட்காத காதின் பக்கம் நின்று கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் அவருக்குக் கேட்டது.

"விதிய மீறிக் குடுத்தது என் தப்பு. அதுவுமில்லாம..." கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். "இவ உசுரோட இங்க ஒக்காந்து முறுக்கு துன்றான்னா அது உங்கப்பனாலதான். அவன எப்படிப் பாப்பா கை காட்டறது?"

யார் செய்தது என்று மாமாவுக்குக் கூட்டத்தன்றே தெரிந்திருக்கிறது.

நவம்பர் 5, திங்கள்

கேப்டன் சார் ஆம்பூரிலிருந்து மூன்று மணி பஸ்ஸில் வந்தார். நான் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். ஸ்டூலில் மூன்றையும் வைத்தேன்: ரஃப் நோட்டு, பென்சில் பிரதி, டிபன் பாக்ஸ். எந்த நோட்டில் எந்தப் பக்கம், எந்த எண்ணில் எந்தக் கால் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் நடுங்காமல் இருக்கப் பள்ளியில் பேச்சுப்போட்டிக்குச் சொல்வது போலச் சொன்னேன். மே மாதம் சாவி நாலு நாள் யாரிடம் இருந்தது என்பதையும் சொன்னேன். சத்தியம் போனது.

"உங்கப்பன் அனுப்பிச்சானா?"

"இல்ல சார்."

"அவனுக்குத் தெரியுமா நீ வந்துகிறது?"

"தெரியாது சார்."

டிபன் பாக்ஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தனிப் பெட்டிதான் அன்னிக்கே போச்சும்மா. இனிமே முனிரத்தினம் குடும்பத்துப் பேரும் கெட்டுப்போவும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

படிவத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் குறிப்புகள் என்று காலியாக இருந்த இடத்தில் எழுதினேன். போல்ட்டில் எண்ணை அடித்தவர்: மு. தயாளன். எண்ணைத் தவறாகப் படித்து எழுதிக் கொடுத்தவர்: த. பூவிழி. கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

கேப்டன் சார் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு நடந்தார். "யோவ் கன்னியப்பன், கட்டிலப் போடுய்யா" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. நல்ல காதுப் பக்கம் நின்று கத்தினாரா என்று தெரியவில்லை.

நவம்பர் 6, செவ்வாய். தீபாவளி

பழைய பாவாடை சட்டை. அப்பா ராத்திரி கேப்டன் சார் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து பேசவில்லை. அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். மஞ்சள்தூள் போட்டேன்.

நவம்பர் 8, வியாழன்

பள்ளி. டிபன் பாக்ஸைக் கேப்டன் சார் திருப்பித் தரவில்லை, படிவத்தோடு வைத்திருக்கிறாராம். நானும் கேட்கவில்லை.

காலையில் சமையலறை மேடையில் புது டிபன் பாக்ஸ் ஒன்று இருந்தது. அம்மா அதில் எலுமிச்சை சாதம் கட்டியிருந்தார். அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பேரு இன்னும் வெட்டல" என்றார்.

கொஞ்ச நேரம் நின்றார், நான் கொடுப்பேன் என்று.

வெட்டாமலே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.